பழைய லாவெண்டர் செடிகளைக் காப்பாற்ற ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். வரலாற்றுச் சிறப்புள்ள ஒரு மூலிகைத் தோட்டத்தை எங்கள் தோட்டக் குழு பராமரித்து வருகிறது. புதினா, தைம், சேஜ் ஆகியவை செழிப்பாகவே உள்ளன. எங்கள் கவலையெல்லாம் பாதையோரத்து லாவெண்டர் வரிசையைப் பற்றியதுதான். அச்செடிகள் கட்டையாக முற்றி, நடுவில் பிளந்து, நுனிகளில் மட்டும் பசுமையாக இருக்கின்றன.

இலையற்ற பழைய கட்டை வரை வெட்டினால் லாவெண்டர் பெரும்பாலும் மீண்டும் துளிர்ப்பதில்லை என்பதால், கடுமையாகக் கவாத்து செய்ய நாங்கள் துணியவில்லை. விதையில் தாய்ச்செடியின் குணம் அப்படியே வரும் என்ற உறுதியும் இல்லை. இங்குள்ள செடிகளின் வழித்தோன்றல்களே இங்கு தொடர வேண்டும் என்பது எங்கள் உறுதியான விருப்பம். ஆகவே, பூக்காத இளங்கிளைகளிலிருந்து 8 முதல் 10 செ.மீ. நீளமுள்ள துண்டுகளை எடுத்து, கீழ் இலைகளை நீக்கி, மணல் கலந்த மண்ணில் வேர்பிடிக்க வைக்க எண்ணியுள்ளோம். இவ்வளவு முற்றிய செடிகளில் இதைச் செய்து பார்த்தவர்கள், எந்தப் பருவம் ஏற்றது என்பதையும் வேர் ஊக்கி தேவைப்பட்டதா என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

பாத்திகளின் மட்டமும் செங்கல் விளிம்பும் பழைய அமைப்பைச் சேர்ந்தவை என்பதால் அவற்றை உயர்த்த இயலாது. நீர் தேங்கி வேர் அழுகாமலிருக்க, மண்ணில் சரளைக்கல் கலந்தால் மட்டும் போதுமா?