நிசான் ஸ்கைலைன் ஆர்34 ஜிடி-டி கார் எடுக்கலாமோ?

டொரோண்டோவில இருக்கிறன். யப்பானில இருந்து இறக்கின 1999 ஜிடி-டி ஒண்டு டீலரிட்ட நிக்குது, மீட்டர் 84,000 கிமீ காட்டுது, சின்னனில இருந்தே ஆசைப்பட்ட கார். காசு குடுக்க முதல் என்னென்ன பாக்கோணும் அண்ணையாக்கள்?

பதில் 1:
தம்பி முதல்ல ஆக்சன் ஷீட்டைக் கேளும், அதுதான் யப்பான் ஏலத்தில காரைப் பாத்து எழுதிற அறிக்கை. கிரேடு 4 எண்டா நல்லது, ஆர் எண்டு போட்டிருந்தா அடிபட்டுத் திருத்தின கார். சேசிஸ் நம்பர் இஆர்34 எண்டு தொடங்கோணும், ஷீட்டில இருக்கிற கிலோமீட்டரையும் மீட்டரையும் ஒப்பிட்டுப் பாரும். ஷீட் தரமாட்டன் எண்டா நான் அந்தக் காரை விட்டிடுவன்.

பதில் 2:
லிஃப்டில ஏத்திக் கீழ பாக்காம வாங்காதேங்கோ. இந்த மொடலில முன் ஸ்ட்ரட் டவர் (முன் சஸ்பென்ஷன் மேல பொருந்திற இடம்) உள்ளுக்குள்ள துருப்பிடிக்கும், மேல பெயின்ட் பளபளக்கும் ஆனா எஞ்சின் பக்கமும் சில்லுக்கு மேல உள்பக்கமும் வடிவாப் பாத்தாத்தான் தெரியும், அதுவும் ஹொக்கைடோ மாதிரி பனி இடத்தில ஓடினதெண்டா கவனம். இதில இருக்கிற ஆர்பி25 எஞ்சினுக்கு கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள்ள அமுக்கம் எவ்வளவு எண்டு பாக்கிறது) கட்டாயம், ஆறு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டோணும். டைமிங் பெல்ட் மாத்தின பில் இல்லையெண்டா மாத்தேல்லை எண்டே கணக்குப் பண்ணி விலையைக் குறையுங்கோ.

பதில் 3:
கார் 15 வருசம் தாண்டினதால கனடாவுக்கு இறக்குமதியில பிரச்சினை இல்லை. இன்சூரன்சுக்கு இப்பவே அடிச்சுக் கேளுங்கோ, வலப்பக்க ஸ்டியரிங் எண்டாலே சில கொம்பனி எடுக்காது.