புதிய தளத்தில் தமிழ் உடைந்து கிடக்கிறது, எங்கிருந்து சரிசெய்வது?

வைகைக்கரை:
வணக்கம். ஒரு கட்டற்ற மென்பொருளின் உதவிப் பக்கங்களை ஆறு வருடமாகத் தமிழாக்கி வருகிறேன். போன மாதம் தளத்தை மாற்றினார்கள். வியாழக்கிழமை இரவு எங்களுக்கு மடல் வந்தது, திங்கட்கிழமை காலை புதிய தளம் வந்துவிட்டது.

மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. உள்ளே போனால் பாதிக்கு மேல் ஆங்கிலம். ஆங்கில வாக்கியங்களைத் திருத்தி, பல இடங்களில் முற்றுப்புள்ளியை மட்டும் எடுத்திருக்கிறார்கள். அதனால் 2,300 சரங்களில் (மொழிபெயர்க்க வேண்டிய வரிகளில்) 1,400 ஃபஸ்ஸி ஆகிவிட்டன, அதாவது மூலம் மாறியதால் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்ற குறி விழுந்துவிட்டது. இன்னொன்று, "சேமிப்பது எப்படி" என்ற தலைப்பைச் சொடுக்கினால் முகவரியில் "சமபபத-எபபட" என்று வருகிறது. தேடல் பெட்டியிலும் இப்படித்தான்.

என் அக்கா அரசுப் பள்ளி ஆசிரியை. கணினி அறைச் சுவரில் பழைய பக்கத்தின் முகவரியைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார். பிள்ளைகள் அதைத் தட்டினால் 404, பக்கம் இல்லை என்று வருகிறது. இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிஓ_கோப்பு:
ஃபஸ்ஸி என்றால் மொழிபெயர்ப்பு போய்விடவில்லை, கோப்பிலேயே இருக்கிறது. கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவி தொகுக்கும்போது அதைத் தவிர்த்துவிட்டு ஆங்கிலத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். முற்றுப்புள்ளி மட்டும் மாறிய சரங்களை, சின்ன நிரலாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ஃபஸ்ஸி குறியிலிருந்து விடுவிக்கலாம். மற்றதைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். நான் ஒருமுறை மொத்தமாக விடுவித்தேன். "கோப்பு அழிக்கப்படும்" என்பது ஆங்கிலத்தில் "அழிக்கப்படாது" என்று மாறியிருந்தது தெரியவே இல்லை. இரண்டு வாரம் அப்படியே கிடந்தது.

மெய்யெழுத்து:
"சமபபத" எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஒருங்குறியில் (யூனிகோடில்) ச, ம, ப எல்லாம் 'எழுத்து' வகை. உயிர்க்குறிகளும் புள்ளியும் 'குறி' வகை. எழுத்தையும் எண்ணையும் மட்டும் வைத்துக்கொள் என்று நிரல் எழுதியிருப்பார்கள், குறிகள் உதிர்ந்துவிட்டன. குறி வகையையும் சேர்த்தால் போதும், ஒரே வரி. இணையதள நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் 2018 முதல் இதற்கு வசதி இருக்கிறது. இந்த வழுவை (மென்பொருள் பிழையை) தமிழுக்கு மட்டும் என்று பதியாதீர்கள். இந்தி, வங்காளம், மலையாளம் எல்லாமே இதில் உடையும், அந்தக் குழுக்களையும் கூப்பிடுங்கள்.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. மலையாளக் குழுவுடன் சேர்ந்து வழு பதிந்தோம், குறி வகைத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். 1,400-இல் 900 முற்றுப்புள்ளிதான், ஸ்கிரிப்டில் முடிந்தது. மீதியை இரவில் ஐம்பது ஐம்பதாகப் பார்க்கிறேன். பழைய முகவரிகளைப் புதியதற்குத் திருப்பிவிடக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. அதுவரை அக்காவுக்குப் புது முகவரியை எழுதி அனுப்பிவிட்டேன்.