ஜோடி முயலுக்கு வீடு தேடியபோது

எங்கள் மாடிவீட்டுக் குடும்பம் மஸ்கட்டுக்குக் கிளம்பியபோது, அவர்கள் வளர்த்த இரண்டு முயல்களுக்கு இடம் பார்க்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ஒரே ஈற்றுக் குட்டிகள், ஒன்று ஆண், ஒன்று பெண். நானே வைத்துக்கொண்டிருப்பேன், ஆனால் எங்கள் வீட்டில் நாய் இருக்கிறது. அது கதவுக்கு வெளியே மோப்பம் பிடித்தாலே பெண் முயல் பின்னங்காலால் தரையை ஓங்கி அடிக்கத் தொடங்கிவிடும். நாள் முழுக்க அந்தப் பயத்தோடு வாழவைப்பது பாவம்.

"கொல்லிமலைப் பக்கம் விட்டுவிடுங்கள், முயல்தானே, பிழைத்துக்கொள்ளும்" என்றார் தெருக்காரர் ஒருவர். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். நம் காடுகளில் ஓடும் முயல் வேறு இனம். வீட்டு முயல் ஐரோப்பிய முயலின் வழிவந்தது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பழகியது. வெள்ளை வெளேரென்ற உடம்போடு புதரில் விட்டால் நாய்க்கும் கீரிக்கும் இரையாகும். பசி தாகத்தில் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கொடுப்பதற்கு முன் ஆண் முயலுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். முயலின் சினைக்காலம் சுமார் 31 நாள்தான்; ஈன்ற கையோடு மறுபடியும் சினைபிடித்துவிடும். ஜோடியாகக் கொடுத்தால் சில மாதங்களில் கூட்டமாகிவிடும். அந்தக் கூட்டம் எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். பெண் சினையாக இல்லை என்பதை டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சொன்னார். "அறுவைக்கு முன் நாயைப்போல் இதைப் பட்டினி போட்டுக் கொண்டுவராதீர்கள். முயல் வாந்தி எடுக்காது. குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்" என்றார். அறுவைக்குப் பிறகும் நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆணிடம் விந்து மிச்சமிருக்கலாம் என்பதால் இரண்டுக்கும் நடுவே கம்பி வலை வைத்தோம். வலையின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டுதான் படுத்தன. பெண் முயல் தலையைத் தாழ்த்தி வலையில் அழுத்தும்; ஆண் கம்பி இடுக்கு வழியே அதன் நெற்றியை நக்கிக்கொடுக்கும். அதைப் பார்த்த பிறகு, பிரித்துக் கொடுப்பதில்லை என்ற முடிவில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

முதலில் போன் செய்தவரின் முதல் கேள்வி, "எத்தனை கிலோ இருக்கும்?" அத்தோடு வைத்துவிட்டேன். முயலை ஒருபோதும் இலவசம் என்று அறிவிக்காதீர்கள். கூண்டுக்கான தொகையையாவது கேளுங்கள். கறிக்குத் தேடுகிறவர்களில் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். அடுத்து ஒரு பண்ணைக்காரர் நேரிலேயே வந்தார். "ஆணுக்குக் கருத்தடை செய்துவிட்டீர்களே, அக்கா, எனக்கு இனி இது எதற்கு?" என்று உள்ளதைச் சொல்லிவிட்டுப் போனார். ஒளிவுமறைவு இல்லாத அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

மகளின் பிறந்தநாளுக்கு ஒன்று மட்டும் கேட்டு ஒரு தம்பதி வந்தார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் குழந்தை வந்ததும் வராததுமாகக் காதைப் பிடித்துத் தூக்கப் போனது. அதைத் தடுக்கப் பெற்றோருக்குத் தோன்றவில்லை. அப்படித் தூக்கினால் முயல் உதைத்துத் திமிறும். அந்த உதையில் அதன் முதுகெலும்பே முறியக்கூடும். எட்டு, பத்து வருடம் வாழும் பிராணி இது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை கல்லூரிக்குப் போகும் வரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். அவர்கள் யோசித்துச் சொல்வதாகப் போனார்கள்.

கடைசியில் திருவானைக்காவலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேசினார். "என்ன சாப்பிடும், புழுக்கை எப்படி இருக்கும், கத்திரி வெயிலில் எங்கே வைத்தீர்கள்?" என்று அடுக்கினார். இந்த மூன்றையும் கேட்கிறவர் வளர்க்கத் தெரிந்தவர். "அம்மா, நான் உங்கள் வீட்டை ஒருமுறை பார்க்கலாமா?" என்றேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டு வீடு, காற்றோட்டமான தாழ்வாரம், பின்கட்டில் அருகம்புல். மின்கம்பிகள் மட்டும் தரையோடு ஓடின. அடுத்த வாரம் போனபோது அவற்றைக் குழாய்க்குள் செலுத்தியிருந்தார்.

ஒப்படைத்த அன்று கூண்டோடு அவற்றின் பழைய சாக்கையும் துவைக்காமல் கொடுத்தேன். தன் வாடை இருந்தால் புது இடம் சீக்கிரம் பழகும். பழகிய காய்ந்த புல்லையும் ஒரு மூட்டை அனுப்பினேன். தீனியைத் திடீரென்று மாற்றினால் வயிறு கெடும். அரை நாளாகத் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். நாய்க்கு உண்ணி மருந்தாகப் பயன்படும் ஃபிப்ரோனிலை முயலுக்குப் போடவே கூடாது என்பதையும் பெரிய எழுத்தில் எழுதினேன். அது முயலின் உயிரையே எடுத்துவிடும்.

என்றாவது வைத்துக்கொள்ள முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் முதலில் என்னைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அதையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லி, தம் மகனின் எண்ணையும் அதன்கீழ்க் குறித்துக் கொடுத்தார் அந்த அம்மா.