எம்ஐ-4 கதவில் உள்ள பெயர்களை அழியாமல் மீட்க உதவி தேவை

பெங்களூரில் பல ஆண்டுகள் திறந்தவெளியில் நின்றிருந்த எம்ஐ-4 ஹெலிகாப்டர் ஒன்றைக் கடந்த ஜனவரி முதல் சீரமைத்து வருகிறோம். 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, அங்குள்ள மேக்னா ஆற்றுக்கு அப்பால் இந்தியப் படையினரைக் கொண்டுசென்று இறக்கிய அதே ரகம் இது.

மூக்குப் பகுதியில் இருக்கும் 14 சிலிண்டர் எஞ்சினைத் துப்புரவு செய்தாயிற்று. சிக்கல் பின்புற இரட்டைக் கதவில்தான்: உட்புறத்தில் சாம்பல் நிறப் பெயின்ட் உரிந்த இடத்தில், இதில் பணிபுரிந்தவர்கள் பென்சிலால் எழுதிய பெயர்கள் தெரிகின்றன, மற்றவை மேல்பூச்சுக்கு அடியில் மறைந்துள்ளன. ஓர் ஓரத்தில் பெயின்ட் ரிமூவர் தடவியபோது இரண்டு அடுக்குகளும் சேர்ந்தே கழன்றன. நீர்விட்டு நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தும் பிரியவில்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படங்களில் சில எழுத்துகளே தேறின. அந்தப் பெயர்கள் போய்விட்டால், எவ்வளவு பளபளப்பாகப் பூசினாலும் இந்தச் சீரமைப்பு எங்களுக்கு நிறைவு தராது.

அலுமினியத் தகட்டில் கீழடுக்கும் பென்சில் எழுத்தும் கெடாமல் மேல்பூச்சை மட்டும் நீக்க எந்த முறை கைகொடுக்கும்?