மெக்சிகோ சிட்டி டாகோ நடை டூர்: மாடு, பன்னி சாப்பிடாத அப்பாவ கூட்டிட்டு போகலாமா?

மஞ்சக்குப்பம் பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம், கடலூர்ல இருந்து எழுதுறேன். தம்பி மெக்சிகோல கெரேத்தாரோன்னு ஒரு ஊர்ல கார் பார்ட்ஸ் கம்பெனில இருக்கான், நவம்பர் மொத வாரம் நானும் அப்பாவும் போறோம், அவன் லீவு போட்டுட்டு மெக்சிகோ சிட்டிக்கு வந்துடுவான், அங்க 4 நாள் தங்குறோம். பழைய ஊர் பக்கமே ரூம் போட்டிருக்கான். அங்க கைடு ஒருத்தர் நடத்தியே கூட்டிட்டு போய் ரோட்டுக்கடை ரோட்டுக்கடையா நிறுத்தி டாகோ, அதான் மக்காச்சோளத் தோசைல கறி, குழம்பு வச்சு தர்றது, சாப்பிட வைக்கிற டூர் ஒண்ணு இருக்காம், சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பிச்சு மூணரை மணி நேரம், 6 கடை, ஆளுக்கு 1,100 பெசோ. நம்ம காசுக்கு ஐயாயிரத்துக்கு மேல வருது.

என் கவலை அப்பா தான். 66 வயசு. திருப்பாதிரிப்புலியூர்ல வெத்தலப் பாக்குக் கடை வச்சிருந்தவர், முப்பது வருஷம் நின்னே வியாபாரம் பாத்து முட்டி தேஞ்சு போச்சு. மீன், கோழி, ஆட்டுக்கறி சாப்பிடுவார், மாடும் பன்னியும் தொட மாட்டார். வீடியோல பாத்தா டாகோன்னாலே அது ரெண்டும் தான் காட்றாங்க. அவர ஓரமா நிக்க வச்சுட்டு நானும் தம்பியும் மட்டும் சாப்பிட மனசு வராது, அதுக்காக ரூம்லயே தயிர் சாதம் கிளறி குடுத்துட்டு அந்த ஊர பாக்காம திரும்பி வரவும் இஷ்டம் இல்ல, அவர் வாழ்க்கைல ஏறப் போற மொத ஃப்ளைட் இது. போயிட்டு வந்தவங்க சொல்லுங்க, இந்த டூர் அவருக்கு ஒத்து வருமா?

முத்தியால்பேட்டை

தங்கச்சி, கூட்டிட்டு போங்க, ஆனா சாயங்கால டூர் வேணாம், காலைல போறத பாத்து புக் பண்ணுங்க. இது தான் முக்கியம், மத்ததெல்லாம் அப்புறம். நான் அந்த ஊர்ல மூணு வருஷம் வேல பாத்தேன், அங்க டாகோவுக்கு நேரம் இருக்கு. ராத்திரி டூர்னா பாஸ்தோர், சுவாதேரோ, லெங்குவா இது தான் வரும், அதாவது பன்னி, மாட்டு வயித்துப்பக்கத்து கறி, மாட்டு நாக்கு. உங்க அப்பாவுக்கு அதுல ஒண்ணும் இல்ல, அதோட ஒரே கல்லுல ஒரே கொழுப்புல தான் எல்லாம் வதங்கும், அதனால பக்கத்துல கோழி கேட்டாலும் மனசுக்கு ஒப்பாது.

காலைல வேற ஊர் மாதிரி இருக்கும். சனி, ஞாயிறு காலைல பார்பகோவா போடுவாங்க, செம்மறி ஆட்டுக்கறிய கத்தாழ மடல்ல சுத்தி குழிக்குள்ள வச்சு ராத்திரி பூரா அந்த சூட்டுலயே வேக விடுறது, காலைல பிரிச்சா எலும்ப விட்டு கறி தானா வருது, அடியில சட்டி வச்சு அதுல சொட்டுன சாற கொண்டக்கடல போட்டு கப்புல தருவாங்க. நம்ம ஆட்டுக்கால் சூப்பு குடிச்சு பழகுனவங்களுக்கு அது ரொம்ப பிடிக்கும். ஆனா "பொர்ரேகோ"வான்னு கேட்டுக்கோங்க, அது தான் செம்மறி, சில கடைல மாட்டுக்கறியிலயும் பார்பகோவா போடுறாங்க. அப்புறம் கிசாதோ கடைங்க, மண்சட்டி வரிசையா வச்சு கோழி, முட்டை, சப்பாத்திக்கள்ளி, மிளகா க்ரீம்னு வித விதமா குழம்பு, நாம சட்டிய காட்டினா சோளத் தோசை மேல கொஞ்சம் சாதம் போட்டு அது மேல ஊத்தி தருவாங்க. சாதத்தோட டாகோன்னதும் அப்பா நிம்மதி ஆயிடுவாரு. மீன், இறால் டாகோவும் கிடைக்கும், அது பாஹா கடற்கரை பக்கத்து அயிட்டம், மாவுல முக்கி பொரிச்ச மீனு, சில்வர் பீச் மீன் வறுவல் மாதிரி காரம் இருக்காது, மேல சால்சா, அவங்க ஊர் காரச் சட்னி, ஊத்திக்கணும்.

கைடு கிட்ட முன்னாடியே மெசேஜ் பண்ணிடுங்க, அங்க போயும் சொல்லுங்க: "நோ கோமோ ரெஸ் நி புவெர்கோ". ரெஸ் மாடு, புவெர்கோ பன்னி. கூடவே "மன்தேக்கா"வும் நியாபகம் வச்சுக்கோங்க, அது பன்னிக் கொழுப்பு, பீன்ஸ் மசியல்ல நெறைய எடத்துல சேப்பாங்க, பாத்தா தெரியாது.

இன்னொண்ணு, சாப்பிடலன்னாலும் பாஸ்தோர் கடைல அஞ்சு நிமிஷம் அவர நிக்க வைங்க. கறிய கம்பில கூம்பா அடுக்கி நெருப்பு பக்கத்துல சுத்த விட்டிருப்பாங்க, நம்ம ஷவர்மா தான், லெபனான் பக்கத்துலேர்ந்து கப்பல் ஏறி போன குடும்பங்க கொண்டு போனது, புவெப்லா ஊர்ல முதல்ல ரொட்டில சுத்தி குடுத்தாங்க, அப்புறம் பன்னிக்கறியா மாறி, காஞ்ச மிளகாயும் அச்சியோத்தேன்ற செவப்பு விதையும் அரைச்சு தடவி, சோளத் தோசைக்கு வந்து பாஸ்தோர் ஆச்சு. சைகோன்லேர்ந்து வந்தவங்களால நம்ம பாண்டி வீட்டு அடுப்படில நெம்ங்கற வியட்நாம் ரோல் நுழைஞ்ச கதைய யோசிச்சுக்கோங்க. கம்பி உச்சில ஒரு முழு அன்னாசி குத்தி இருக்கும், கடைக்காரர் இடது கைல உள்ளங்கை அளவு தோசைய புடிச்சுக்கிட்டு கறிய சீவுவார், அது நேரா தோசைல விழும், அப்புறம் கத்திய மேல தூக்கி ஒரே தட்டு, அன்னாசி துண்டு பறந்து வந்து கறி மேல உக்காரும். அத எத்தன தடவ பாத்தாலும் எனக்கு அலுக்கல.

முட்டி விஷயம்: நடக்கறது மொத்தம் ரெண்டு, மூணு கிலோமீட்டருக்குள்ள தான் இருக்கும், ஆனா எல்லாம் நின்னுட்டே சாப்பிடறது. ஊரு கடல் மட்டத்துலேர்ந்து 2,240 மீட்டர், ஊட்டி ஒசரம். போன மொத நாள் நடக்க வைக்காதீங்க, மூச்சு வாங்கும். ஏரிய தூர்த்து கட்டுன ஊருங்கறதால பழைய கட்டடங்க பூமிக்குள்ள எறங்கிட்டே இருக்கு, கதீட்ரலே சாஞ்சிருக்கும், பிளாட்பாரம் மேடும் பள்ளமுமா கெடக்கும், செருப்பு வேணாம் ஷூ போடட்டும்.

வில்லியனூர் சைவம்

அக்கா, நான் சுத்த சைவம், போன வருஷம் ஆபீஸ் வேலையா போனப்ப இதே மாதிரி டூர் போனேன், பட்டினி கெடக்கல. பூசணிப்பூ வச்ச கேசதியா (மடிச்ச சோளத் தோசை), சப்பாத்திக்கள்ளிய முள்ளு சீவி சுட்டு வச்ச டாகோ, அப்புறம் உயித்லாகோச்சே, இது சோளக்கதிர்ல வர்ற கருப்பு பூஞ்சை, நம்ம ஊர்ல கரிப்பூட்டைன்னு தூக்கி போடுறத அங்க வெல குடுத்து வாங்குறாங்க, காளான் மாதிரி மண்வாசனையோட நல்லா இருந்துச்சு. ஒரு விஷயம், மெக்சிகோ சிட்டில கேசதியான்னு கேட்டா சீஸ் இல்லாமயும் வரும், "கோன் கேசோ"ன்னு சொன்னா தான் சீஸ் போடுவாங்க.

எனக்கு மனசுல நின்னது அந்த மாவு தான். மக்காச்சோளத்த சுண்ணாம்புத் தண்ணில வேக வச்சு, ராத்திரி அப்படியே ஊற விட்டு, தோலு கழண்டு வந்ததும் கழுவி அரைக்கிறாங்க. நிஷ்தமல்னு பேரு. சுண்ணாம்பு இல்லாம வெறும் சோளத்த அரைச்சா மாவு ஒட்டாது, தட்டவே வராது. அதுல இருக்கற நயாசின்ங்கற விட்டமின உடம்பு எடுத்துக்கறதும் அந்த சுண்ணாம்பால தான், ஐரோப்பாக்காரங்க சோளத்த மட்டும் கப்பல்ல எடுத்துட்டு போய் இந்த முறைய விட்டுட்டதால அங்க ஏழை ஜனங்களுக்கு பெல்லாக்ரான்னு அந்த விட்டமின் கொறையால வர்ற நோய் வந்துச்சு. உங்க அப்பா வெத்தலக் கடைக்காரர்னு சொன்னீங்க, கைடு கிட்ட சொல்லி அவருக்கு இத காட்ட சொல்லுங்க.

பச்ச சால்சா தக்காளிக்காய்ல பண்றதுன்னு நெனச்சேன், இல்ல, அது தொமாத்தியோ, நம்ம வயக்காட்டுல முளைக்கிற சொடக்குத் தக்காளி குடும்பம், உறைய உரிச்சா ஒட்டுற மாதிரி இருக்கும்.

ஓடி கடலூர்

காசு வேஸ்ட்டுங்க. ஒரு டாகோ 20, 25 பெசோ, ஆளுக்கு பத்து சாப்பிட்டாலும் 250 தான் ஆகும், நீங்க 1,100 குடுக்கறீங்க. நான் போன டூர்ல கைடு நாலு பெரிய கடைக்கு தான் கூட்டிட்டு போனார், எல்லாத்துலயும் ஏசி, எல்லாத்துலயும் இங்கிலீஷ் மெனு, ரோட்டுக்கடைன்னு சொல்லி காசு வாங்கிட்டு ரோட்டுல ஒரு கடையும் இல்ல, ரொம்ப வருத்தமா போச்சு. கூட்டம் எங்க நிக்குதோ அங்க நில்லுங்க, விரல காட்டுங்க, சாப்பிடுங்க. தம்பிக்கு ஸ்பானிஷ் வரும்ல?

முத்தியால்பேட்டை

நீங்க சொல்றது உங்க மாதிரி, என் மாதிரி ஆளுக்கு சரிண்ணே, உங்களுக்கு நடந்தது தப்பு தான். ஆனா மாடு பன்னி வேணாம்ங்கற பெரியவர் கூட போறப்ப, எந்தக் கல்லுல எந்தக் கொழுப்புன்னு தெரிஞ்ச ஆள் கூட இருக்கறதுக்கு தான் அந்தக் காசு. 2024ல மிச்செலின் ஸ்டார், நல்ல ஓட்டலுக்கு தர்ற பெரிய விருது, வாங்குச்சே சான் ரஃபாயெல் பக்கத்துல ஒரு சின்ன டாகோ கடை, எல்லாரும் அங்க தான் ஓடுறாங்க, அங்க இருக்கறது மாடும் பன்னியும் மட்டும் தான். கூட்டத்த நம்பி போனா அப்பாவுக்கு இப்படித்தான் ஆகும்.

தங்கச்சி, புக் பண்றதுக்கு முன்னாடி கைடு கிட்ட ஒரே கேள்வி கேளுங்க, எத்தன கடைல நின்னு சாப்பிடுவோம்னு. நாலுக்கு மேல சொன்னா நம்பி போங்க. அப்புறம் இந்த டூர 4 நாள்ல ரெண்டாவது நாள் வச்சுக்கோங்க, கடைசி நாள் வேணாம். ஒரு தடவ ஆர்டர் பண்ற விதம் கைக்கு வந்துட்டா மீதி ரெண்டு நாள் ஓடி கடலூர் அண்ணன் சொல்ற மாதிரி நீங்களே சுத்தலாம்.

நவம்பர் 1, 2 அங்க செத்தவங்களுக்கு படைக்கிற நாள், ஊரு பூரா செண்டுமல்லி, மெழுகுவத்தி, நம்ம பாண்டி கல்லறைத் திருநாள பாத்தவங்களுக்கு புரியும். அந்த வாரம் கூட்டம் நெறைய, இப்பவே புக் பண்ணுங்க.

நெல்லித்தோப்பு நர்ஸ்

வயிறு பத்தி யாரும் சொல்லலியே. எங்க மாமனாருக்கு அங்க மூணு நாள் வயித்தால போச்சு, டாகோவால இல்ல, வெட்டி வச்ச பழமும் பைப்பு தண்ணியும். கல்லுல இருந்து நேரா தட்டுக்கு வர்றது பெரும்பாலும் பிரச்சனை பண்ணாது. தெறந்து வச்ச சால்சா கிண்ணம், பச்ச வெங்காயம் கொத்தமல்லி, இது தான் பாக்கணும், ஆள் நெறைய வந்து போற கடைன்னா கிண்ணம் சீக்கிரம் காலியாகி புதுசு வரும். பெரியவருக்கு மொத ரெண்டு கடைல சால்சா இல்லாம எலுமிச்சம்பழம் மட்டும் பிழிஞ்சு குடுங்க. தண்ணி சீல் போட்ட பாட்டில் தான். ஓஆர்எஸ் பாக்கெட் பத்து எடுத்துட்டு போங்க, பிரஷர் சுகர் மாத்திரை இருந்தா கைப்பைல வைங்க, செக்கின் பெட்டில போடாதீங்க.

தட்டு மேல பிளாஸ்டிக் பை மாட்டி குடுப்பாங்க, முகம் சுளிக்காதீங்க, ஒவ்வொரு ஆளுக்கும் பைய மட்டும் மாத்துறாங்க, நம்ம பரோட்டா கடைல தட்டுல எல போடற மாதிரி தான்.

மஞ்சக்குப்பம் பொண்ணு

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் நன்றி, போயிட்டு வந்தாச்சு. சாயங்கால டூர விட்டுட்டு சனிக்கிழம காலை 9 மணி டூர் எடுத்தோம், எங்க மூணு பேரோட சேத்து 7 பேர், கைடு ஒரு அம்மா, ஐம்பது வயசு இருக்கும். கேள்விய கேட்டேன், அஞ்சு கடைல நிக்கணும்னு சொன்னாங்க, அப்பா முட்டிய பத்தி சொன்னதும் ஒவ்வொரு கடைலயும் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி போட்டாங்க, அத நான் மறக்க மாட்டேன்.

பார்பகோவால அப்பா மூணு சாப்பிட்டார், சாறு ரெண்டு கப்பு. கைடம்மா அவருக்கு ரெஸ், புவெர்கோ ரெண்டும் ஆகாதுன்னு கடைக்காரர் கிட்ட தனியா போய் சொல்லிட்டு வந்தாங்க. சப்பாத்திக்கள்ளிய பாத்து இது நம்ம வேலில இருக்கறது தானேன்னு கேட்டார், மொதல்ல வேணாம்னார், அப்புறம் வெண்டைக்கா மாதிரி வழவழன்னு இருக்குன்னு சொல்லிட்டே முடிச்சுட்டார். பாஸ்தோர் கடை காலைல இல்ல, அதனால அன்னைக்கு ராத்திரி தம்பி கூட்டிட்டு போய் காட்டினான், அன்னாசி பறக்கறத பாத்துட்டு இன்னொரு தடவ பண்ண சொல்லுடான்னார்.

நாலாவது எடம் மார்க்கெட்டுக்குள்ள, ஒரு அம்மா நீலச் சோள மாவுல கையாலயே தோசை தட்டிட்டு இருந்தாங்க. வில்லியனூர் தங்கச்சி சொன்னத நான் கைடு கிட்ட முன்னாடியே எழுதி இருந்தேன். அந்த அம்மா அடியில இருந்து ஒரு டப்பாவ எடுத்து தெறந்தாங்க, கல்லு சுண்ணாம்பு, தண்ணி விட்டு நீத்தாம அப்படியே கட்டியா. அப்பா ஒரு துண்ட கைல எடுத்து கனம் பாத்தார், ஓரத்த நகத்தால சொரண்டினார், சுட்டது பதம்னு சொன்னார். அப்புறம் எவ்வளவு சோளத்துக்கு எவ்வளவு போடுவீங்கன்னு கேக்க சொன்னார். தம்பி ஸ்பானிஷ்ல கேக்க, அவங்க கைய குவிச்சு காட்ட, இவர் தலைய ஆட்டிட்டு தன் கைய குவிச்சு காட்ட, பத்து நிமிஷம் ரெண்டு பேரும் அளவு தான் பேசினாங்க. பக்கத்துல சரிவா ஒரு கல்லும் குழவியும் இருந்துச்சு, மெதாத்தேவாம், மூணு கால் வச்ச அம்மி. எங்க அம்மா இருந்திருந்தா உக்காந்து அரைச்சிருப்பாங்கன்னு அப்பா சொன்னார்.

வயிறு யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஓஆர்எஸ் அப்படியே திரும்பி வந்துச்சு.

இப்ப புது கேள்வி. ஊருக்கு வந்ததுலேர்ந்து அப்பா மக்காச்சோளம் வாங்கிட்டு வா, சுண்ணாம்புல வேக வச்சு பாக்கணும்ங்கறார். கடலூர் கடைங்கள்ல பாப்கார்ன் சோளமும் மாவும் தான் இருக்கு. முழு காஞ்ச சோளம் எங்க கிடைக்கும்?

விருத்தாசலம் விவசாயி

எங்க பக்கம், வேப்பூர் பக்கம், பெரம்பலூர் பூரா மக்காச்சோளம் தான்மா. ஆனா பெரும்பாலும் கோழித் தீவனத்துக்கு போற மஞ்ச ரகம், சாப்பிடலாம், தோலு கொஞ்சம் கெட்டி, கூட நேரம் வேகணும். விதைக்கடைல மட்டும் வாங்காதீங்க, அது மருந்து கலந்தது, செவப்பா பச்சையா சாயம் பூசி இருக்கும். களத்துலேர்ந்து நேரா வாங்குங்க. கிலோவுக்கு பத்து கிராம் சுண்ணாம்பு போதும், வெத்தலைக்கு போடற சுத்தமான சுண்ணாம்பு, சுவத்துக்கு அடிக்கறது கூடாது. அலுமினியப் பாத்திரம் வேணாம், எவர்சில்வர் வைங்க. தை மாசம் எங்க வீட்ல அறுவடை, அஞ்சு கிலோ எடுத்து வைக்கிறேன், அப்பாவ வந்து பாத்து பொறுக்கி எடுத்துக்க சொல்லுங்க.