பதில்: புரோட்டோடைப்புக்கு ஒரே சொல் போதுமா?

> முன்மாதிரின்னு ஒரு சொல் ஏற்கெனவே புழக்கத்துல இருக்கு, புதுசா எதுக்கு?

அண்ணாச்சி, முன்மாதிரிய தூக்கிப் போடணும்னு நான் சொல்லல, புரோட்டோடைப்புக்கு, அதாவது ஒரு பொருள முழுசா தயாரிக்கிறதுக்கு முன்னாடி செஞ்சு பாக்குற மாதிரிக்கு, கரட்டுருன்னு இன்னொரு சொல்லும் கூட வேணும்ங்கிறேன். ஃபேக்டரிக்கு அனுப்புறதுக்கு முன்னாடி கடைசியா ஒண்ணு செஞ்சு எல்லாரும் பாத்து ஓகே சொல்லுவாங்கல்ல, அதுக்கு அது கனகச்சிதம். ஆனா ஆரம்பத்துல அட்டையும் பசையும் வச்சு ஒட்டி, ஒரே ஒரு விஷயத்த தெரிஞ்சுக்கிட்டு கழிச்சுப் போடுறோமே, அது வேற சாமான். முன்மாதிரின்னாலே பின்பற்ற வேண்டியதுன்னுதான் காதுல விழுது, முன்மாதிரி கிராமம், முன்மாதிரி ஆசிரியர்னு. அந்தப் பேர வச்சா பயலுவ அதுக்கு பாலிஷ் போட ஆரம்பிச்சுடுவானுவ, வெளிய காட்டத் தயங்குவானுவ, தெரிஞ்சுக்க வேண்டியது தள்ளிக்கிட்டே போவும்.

மார்த்தாண்டம் பக்கம் தெரிஞ்ச பசங்க தேன் பெட்டிக்கு அடியில வைக்கிற எடைக் கருவி செய்றாங்க, ரப்பர் துளிர் விட்டு தேன் வர்ற சீசன்ல எந்தப் பெட்டி நிறைஞ்சிருக்குன்னு தோட்டத்துக்குப் போகாமலே தெரியணும்னு. முதல்ல சர்க்யூட்டே கிடையாது, ஒரு பலகை, ஒரு வெத்து டப்பா, அதுலேந்து தரைக்கு ஒரு துண்டு வயர், அவ்ளோதான். எறும்பு ஏறாம இருக்க ஸ்டாண்டு காலுக்கு தண்ணிக் கிண்ணம் வச்சிருப்பாங்கல்ல, மறுநாள் பாத்தா எறும்பு கிண்ணத்த விட்டுட்டு அந்த வயர்ல வரிசையா மேல போவுது! இப்ப வயரே இல்லாம பேட்டரிய பலகைக்கு அடியிலயே மாட்டுறாங்க. எடைய அளக்குற லோடு செல், சர்க்யூட் போர்டு எல்லாம் வாங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு.

பாம் பைலட்டுங்கிற கையடக்கக் கம்ப்யூட்டர உருவாக்கின ஜெஃப் ஹாக்கின்ஸும் இதத்தான் செஞ்சார். 1996ல அது வர்றதுக்கு முன்னாடி அந்த சைஸுக்கு ஒரு மரக்கட்டைய அறுத்து சட்டப்பையில போட்டுக்கிட்டு திரிஞ்சார், மீட்டிங்ல அத எடுத்து எழுதுற மாதிரி பாவனை பண்ணுவார். பையில அடங்குதா, எதுக்கெல்லாம் கை அதத் தேடிப் போவுது, இது தெரிஞ்சாப் போதும் அவருக்கு. அந்தக் கட்டைய போய் முன்மாதிரின்னு சொல்ல வாய் வருமா?

வெள்ளோட்டம் அழகான சொல்தான், ஆனா தேர செஞ்சு முடிச்ச பிறகுதானே வெள்ளோட்டம் விடுறது. அத பீட்டாவுக்கு, அதாவது செஞ்சு முடிச்சத சில பேர்கிட்ட குடுத்து சோதிச்சுப் பாக்குறதுக்கு, வச்சுக்கலாம்.

நான் சொல்றது கரட்டுரு. கரடு, உரு. களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குள்ள போனா மலையாளப் பேப்பர்ல வரைவு வாக்காளர் பட்டியல கரடு பட்டிகன்னுதான் போடுவாங்க, 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்த எங்க பக்கத்து ஆளுகளுக்கு அது அன்னியமான சொல் இல்ல. மத்தவங்களுக்கு கரடுமுரடு இருக்கவே இருக்கு. கேட்டதுமே இன்னும் செதுக்கலன்னு புரியும், அதுனால குறை சொல்றவனும் கூச்சப்படாம சொல்லுவான், அதுதானே நமக்கு வேணும்.

> வரைவுருன்னு வச்சா என்ன?

வரைவுன்னா பேப்பர்ல இருக்குற மாதிரி ஒரு நெனப்பு வருது. இது கையில எடுத்து, தூக்கி, வெயில்ல வச்சுப் பாக்குற சாமான்.

வினையா வரும்போது கரட்டுரு செய்யா, கரட்டுரு போடா? எனக்கு போடுதான் சரின்னு தோணுது, கோலம் போடு, பந்தல் போடுன்னு சட்டுன்னு முடியுற வேலைக்கு அதுதானே வருது. ஆட்சேபம் இருந்தா எழுதுங்க, இல்லாட்டி முன்மாதிரி, கரட்டுரு ரெண்டையும் தனித்தனி வரியா சொற்பட்டியல்ல ஏத்திடலாம்.