சைடுலாக், பாக்ஸ்லாக்: குதிரையை எங்கே பூட்டுவது?

குழுமத்தாருக்கு வணக்கம்.

பழைய துப்பாக்கிகள் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதுகிறேன். ஷாட்கன்னுக்கு "ரவைத் துப்பாக்கி" என்று போன இழையில் முடிவானபின் அது வேகமாக ஓடியது. இப்போது இரண்டாம் பகுதியில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். 1875-இலிருந்து 1940 வரை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கிகளை ஒப்பிடும் பகுதி அது. பத்து வரிக்கு ஒரு முறை சைடுலாக், பாக்ஸ்லாக் என்று வருகிறது. இவ்விரண்டையும் தமிழில் எப்படிச் சொல்வது?

எனக்குப் புரிந்தவரை, சுடும் பொறியின் உறுப்புகளை ஒரு தகட்டில் ஏற்றி, அந்தத் தகட்டைத் துப்பாக்கியின் விலாவில் பதித்தால் சைடுலாக். அதே உறுப்புகளைக் குழலைத் தாங்கும் எஃகு உடம்பைக் குடைந்து உள்ளே வைத்தால் பாக்ஸ்லாக். இப்போதைக்குப் பக்கப்பூட்டு, பெட்டிப்பூட்டு என்று போட்டிருக்கிறேன். வரைவைப் படித்த அம்மா, "பெட்டிக்குப் பூட்டு வாங்குவது பற்றியா எழுதுகிறாய்?" என்று கேட்டார். அதிலிருந்து கை ஓடவில்லை.

பொறி என்றே வைத்து "பக்கப்பொறி" ஆக்கலாமா? துப்பாக்கி விஷயத்தில் பொறி என்றால் தீப்பொறியாகவும் படிக்கலாம் என்பதால் தயங்குகிறேன். அமெரிக்காவில் கனெக்டிகட்டிலிருந்து எழுதும் ஐயா கண்ணில் பட்டால் தயவுசெய்து பதில் போடுங்கள்.

சென்னையிலிருந்து

* * *

> பக்கப்பூட்டு, பெட்டிப்பூட்டு என்று போட்டிருக்கிறேன்.

உங்கள் அம்மாவுக்கே என் ஓட்டு. பெட்டிப்பூட்டு என்றால் எனக்கும் டிரங்குப்பெட்டியும் திண்டுக்கல் பூட்டும்தான் கண்ணில் வருகின்றன. ஆனால் என் கவலை பக்கப்பூட்டைப் பற்றியது. பார்க்க அப்பாவியாக இருக்கிறது. இங்கிலாந்துத் துப்பாக்கிகளோடு நிறுத்திக்கொண்டால் ஏறக்குறைய பொருந்தியும் விடும். அமெரிக்காவுக்கு வந்ததும் காலை வாரிவிடும்.

கொஞ்சம் சுற்றிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. எனக்குச் சுடத் தெரியாது. முப்பது வருடம் தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் டூல்ரூமில் இருந்தவன், இரும்பு தெரியும். மகள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரத்தில் மெரிடன் ஊர். பார்க்கர் சகோதரர்கள் துப்பாக்கி செய்த ஊர் அது. அடுத்த வீட்டுப் பெரியவரிடம் ஒரு பார்க்கரும், இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்த ஒரு பாக்ஸ்லாக்கும் இருக்கின்றன. போன ஞாயிறு அவருடைய கராஜில் இரண்டையும் திறந்து பார்த்தோம்.

பர்மிங்காம் துப்பாக்கியின் திருகுகளைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தலையில் இருக்கும் வெட்டு அவ்வளவு மெல்லிசு. கடையில் வாங்கிய ஸ்க்ரூடிரைவர் உள்ளேயே போகாது. ஒவ்வொரு திருகுக்கும் ஒரு முனையைத் தீட்டி வைத்திருக்கிறார். வெட்டுகள் எல்லாம் குழலின் போக்கிலேயே வரிசையாகப் பார்க்கின்றன. அடித்தகட்டைக் கழற்றினால் உள்ளே கூட்டமே இல்லை. ஒரு குழலுக்குச் சுத்தியல் மாதிரி அடிக்கும் ஒரு குதிரை, அதைப் பிடித்து நிறுத்தும் ஒரு நாக்கு, கவட்டை மாதிரி வளைந்த ஒரு வில், அப்புறம் குதிரையை ஏற்றும் ஒரு நெம்புகோல். அவ்வளவுதான். தோட்டா போடக் குழலை மடக்கும்போது அந்த அசைவே நெம்புகோலைத் தள்ளிக் குதிரையை ஏற்றிவிடுகிறது. பர்மிங்காமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆன்சனும் டீலியும் 1875-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. இன்றைக்கும் உலகம் முழுக்க இதைத்தான் நகல் எடுக்கிறார்கள்.

பார்க்கரிலும் குதிரை உள்ளேதான். ஆனால் உறுப்புகள் கூடுதல், எல்லாமே தடிமன். தேவைக்கு மேல் இரும்பு போட்டிருக்கிறார்கள் என்று தொழில்காரன் புத்திக்குத் தோன்றியது. அதற்கும் காரணம் உண்டு, கீழே வருகிறேன்.

கட்டுரைக்கு உதவும் என்பதால் ஒப்பீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆங்கிலேயர் துப்பாக்கி நாள் முழுக்கக் கையில் தூக்கி நடக்க, விர்ரென்று தலைக்கு மேல் வரும் பறவையைச் சட்டென்று எடுத்துச் சுடச் செய்தது. ரவையின் எடையைப் போல் 96 மடங்கு துப்பாக்கி இருக்க வேண்டும் என்பது அங்கே பழைய கணக்கு. 30 கிராம் ரவைக்கு மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தோட்டா அறையும் சிறியது, 65 மில்லிமீட்டர். அமெரிக்கன் வாத்துக்காகச் சேற்றில் உட்கார்ந்திருப்பவன். 1920-களில் வெஸ்டர்ன் நிறுவனம் சூப்பர் எக்ஸ் தோட்டாவைக் கொண்டுவந்தபின் 35 கிராம் ரவை சாதாரணமாகிவிட்டது. அதைத் தாங்கத்தான் அந்த இரும்பு. வின்செஸ்டர் 1931-இல் 21 என்ற மாடலை இறக்கியபோது, ஒரே துப்பாக்கியில் வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் 2,000 சோதனைத் தோட்டாக்களைச் சுட்டுக்காட்டி விளம்பரம் செய்தது. லண்டன் கடைக்காரர் அப்படியெல்லாம் விளம்பரம் செய்யமாட்டார், கௌரவக் குறைச்சல்.

ஆனால் இங்கிலாந்தில் வேறொன்று இருக்கிறது, அமெரிக்காவில் இல்லாதது. சட்டப்படி ஒவ்வொரு குழலையும் அரசு ஒப்பிய இடத்தில் கூடுதல் மருந்து போட்டுச் சுட்டுப்பார்த்து முத்திரை குத்த வேண்டும். நூறு வருடம் கழித்து வாங்குகிறவனுக்குக் குழலின் அடியிலேயே ஜாதகம் இருக்கிறது. பார்க்கரை வாங்கினால் பார்க்கரின் பேச்சைத்தான் நம்ப வேண்டும். பெரியவருக்கு இதெல்லாம் காதில் ஏறாது. "என் தாத்தா சுட்டார், அப்பா சுட்டார், வெடிக்கவில்லை" என்கிறார். பழசு வாங்குவதென்றால் நான் முத்திரையின் பக்கம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். லண்டனில் சைடுலாக் என்றால் அது மரியாதைப் பட்டம். 1880-இல் பீஸ்லி காப்புரிமை எடுத்து, லண்டன் துப்பாக்கி நிறுவனமான பர்டி வாங்கிய அமைப்பு, இன்னொரு லண்டன் நிறுவனமான ஹாலண்டின் ராயல் மாடல், இதெல்லாம் சைடுலாக். அவற்றில் பெரும்பாலும் காவலுக்கு இன்னொரு நாக்கு இருக்கும். துப்பாக்கி கீழே விழுந்து முதல் நாக்கு நழுவினாலும் இது குதிரையை மறித்துவிடும். அமெரிக்காவில் எல்.சி. ஸ்மித் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் மாநிலத்துச் சிராக்யூஸில் தொடங்கி ஃபுல்டனில் செய்தது (அந்த ஸ்மித்தான் பிறகு டைப்ரைட்டர் செய்யப் போனவர்). இதுவும் சந்தேகமே இல்லாமல் சைடுலாக். ஆனால் காவல் நாக்கு கிடையாது. இயந்திரத்தில் ஏராளமாகச் செய்து விவசாயிக்கும் விற்றது. தகட்டுக்குப் பின்னால் தோளில் ஊன்றும் மரக்கட்டை விரிசல் விடுவது இதன் தீராத வியாதி. தகட்டுக்காகக் குடைந்து குடைந்து அந்த இடத்தில் மரம் அப்பளமாகிவிடுகிறது, சுடும் உதையெல்லாம் அங்கேதான் போய் இடிக்கிறது. ஆகவே நம் சொல்லில் பெருமை வாடையும் வரக்கூடாது, மட்டம் என்ற வாடையும் வரக்கூடாது. உறுப்பு இருக்கும் இடத்தை மட்டும் சொன்னால் போதும்.

இனி அந்தக் காலை வாரும் ஆசாமி. லெஃபெவர் என்ற துப்பாக்கி, இதுவும் சிராக்யூஸில் செய்தது. பக்கத்தில் அழகாகத் தகடு, தகட்டில் நாய், பறவை எல்லாம் செதுக்கியிருக்கும். பார்ப்பவர் சைடுலாக் என்றே சொல்வார். கழற்றினால் குதிரை தகட்டில் இல்லை, எஃகு உடம்புக்குள் நிற்கிறது. பர்மிங்காம்காரர்களும் சில பாக்ஸ்லாக்குகளுக்கு வெறும் அழகுக்காகத் தகடு ஒட்டி விற்றிருக்கிறார்கள். இதையெல்லாம் "பக்கப்பூட்டு" என்பீர்களா, மாட்டீர்களா? பக்கம் என்பது கண்ணுக்குத் தெரிவதை வைத்து வந்த சொல். நமக்கு வேண்டியது குதிரை எங்கே நிற்கிறது என்பது.

பூட்டு என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் லாக் என்பது இங்கே பெயரளவில்தான் நிற்கிறது. தமிழில் அதற்கு உயிர் இருக்கிறது. ஏரில் மாடு பூட்டுகிறோம், தேரில் குதிரை பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். துப்பாக்கியில் சுத்தியல் மாதிரி அடிக்கும் உறுப்புக்குக் குதிரை என்று பெயர் வைத்தவர்கள் நம் பெரியவர்கள், அகராதியிலேயே இருக்கிறது. அந்தக் குதிரையைத் தகட்டில் பூட்டினால் தகட்டுப்பூட்டு. துப்பாக்கியின் சட்டகத்தில் பூட்டினால் சட்டகப்பூட்டு. லெஃபெவர் தகடு போர்த்திய சட்டகப்பூட்டு, எல்.சி. ஸ்மித் தகட்டுப்பூட்டு. குழப்பம் தீர்ந்தது.

சட்டப்பூட்டு என்று சுருக்காதீர்கள். வக்கீல் வந்துவிடுவார்.

கனெக்டிகட்டிலிருந்து

* * *

ஐயாவுக்கும் தங்கச்சிக்கும் வணக்கம். இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் மட்டக்களப்புப் பக்கம். துப்பாக்கியை நாங்கள் துவக்கு என்போம், ரவையைச் சன்னம் என்போம். அப்பப்பாவிடம் இடியன் துவக்கு ஒன்று இருந்தது. வாயால் மருந்து போட்டு, கோலால் இடித்து இறுக்குவதால் இடியன். அதில் குதிரை வெளியே நிற்கும், பெருவிரலால் இழுத்து ஏற்ற வேண்டும். அதனால் குதிரை என்ற சொல் எனக்கு உடனே பிடிபட்டது.

அந்தக் காரணத்தால்தான் ஒரு எச்சரிக்கை. போன இழையில் ஒருவர் அகப்பூட்டு, புறப்பூட்டு என்று இணையாக வைக்கச் சொன்னார். அகம், புறம் என்றவுடன் நமக்கெல்லாம் கை பரபரக்கும், ஆனால் வேண்டாம். சைடுலாக்கிலும் குதிரை தகட்டின் உட்புறம்தான் இருக்கிறது. குதிரை வெளியே தெரியும் பழைய இரட்டைக்குழல்களும் உண்டு, அவற்றைப் புறக்குதிரை என்று பிரிக்க வேண்டி வரும். இரண்டும் மோதும். ஐயா சொன்ன தகட்டுப்பூட்டுக்கு என் முழுச் சம்மதம்.

சட்டகப்பூட்டில்தான் மனம் ஒட்டவில்லை. சட்டகம் பல்கலைக்கழகச் சொல்லாகிவிட்டது. "கோட்பாட்டுச் சட்டகம்" என்று ஆய்வேட்டில் வருவது. வேட்டைக்காரன் வாயில் நிற்குமா? கூட்டுப்பூட்டு என்று பார்த்தேன், கூட்டுக்குள் இருப்பதால். உடனே கூட்டுக்கறி ஞாபகம் வந்துவிட்டது.

இன்னொன்று. நான் இப்போது இருப்பது பர்மிங்காம். குழலைச் சுட்டுப்பார்த்து முத்திரை குத்தும் இடம் என்று ஐயா சொன்னாரே, இங்குள்ள அந்தச் சோதனைச் சாலை 1813-இல் தொடங்கியது, இன்றும் இயங்குகிறது. லண்டனில் இதே சோதனையைச் செய்யும் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்தின் பட்டயம் அதைவிடப் பழசு, 1637. அந்த முத்திரைக்கு "புடமுத்திரை" என்று வைக்கலாமா? புடம் போட்ட பொன் மாதிரி.

* * *

தம்பி, நன்றி. புடத்தில் போட்டால் அழுக்குப் போகும், பொருள் மேலாகும். இங்கே குழல் மேலாவதில்லை; தாங்கினால் முத்திரை, தாங்காவிட்டால் குப்பை. தங்கத்தை உரைத்துப் பார்ப்பதுதான் இதற்கு அருகில் வரும். ஆனால் உரைமுத்திரை என்றால் பேச்சு என்று படித்துவிடுவார்கள். "சோதனை முத்திரை" என்று வெறுமனே விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் அழகாக்க வேண்டியதில்லை.

சட்டகம் பற்றிச் சொன்னது நியாயம். நான் எடுத்தது டூல்ரூமிலிருந்து, ஆய்வேட்டிலிருந்து இல்லை. அமெரிக்கர்கள் அந்த எஃகு உடம்பை ஃப்ரேம் என்றே சொல்கிறார்கள், ஆங்கிலேயர் ஆக்‌ஷன் என்கிறார்கள். ஆக்‌ஷனைத் தமிழாக்கினால் "செயல்பூட்டு" என்று ஏதோ யோகாசனம் மாதிரி வரும். வேட்டைக்காரர் வாய்க்கு எது வரும் என்று கேட்டால், நம் ஊர் லைசன்ஸ்காரர் இரட்டைக்குழலை டி.பி.பி.எல் (பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக்குழல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றும், குழல் துளையின் அளவை வைத்து 12 போர் (bore) என்றும்தான் சொல்கிறார். அவருக்குப் போட்டியாக நாம் சொல் செய்ய முடியாது. படிப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் சரி.

* * *

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. கட்டுரையில் இப்படி மாற்றியிருக்கிறேன்:

"குதிரையும் அதன் வில்லும் நாக்கும் பக்கத் தகட்டில் பூட்டியிருந்தால் அது தகட்டுப்பூட்டுத் துப்பாக்கி, குழலைத் தாங்கும் சட்டகத்தைக் குடைந்து உள்ளே பூட்டியிருந்தால் சட்டகப்பூட்டுத் துப்பாக்கி. வெளியே தகடு தெரிவதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. லெஃபெவர் இதற்குச் சான்று."

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். குதிரை என்றதும் "ஆமாம், எங்கள் ஊர்க் காவல்காரர் துப்பாக்கியில் பார்த்திருக்கிறேன்" என்றார். சட்டகத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. எதிர்ப்பு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. துப்பாக்கியைத் தலைகீழாக மேசைமேல் வைத்தால் குழல் மேசையைத் தொடும், கட்டையின் பின்முனை தொடாது. அந்த இடைவெளிக்கு ஆங்கிலத்தில் டிராப் என்கிறார்கள். இங்கிலாந்துத் துப்பாக்கியில் இரண்டு அங்குலம் அளவில், பழைய அமெரிக்கத் துப்பாக்கியில் மூன்று அங்குலத்துக்குப் பக்கம். அதிகமானால் சுடுபவர் கன்னம் கட்டையில் படியாது, ரவை தாழப் போகும், உதையில் கட்டை எழும்பிக் கன்னத்தில் அறையும் என்று படித்தேன். "கட்டைத் தாழ்வு" என்று எழுதி வைத்திருக்கிறேன். "கட்டை இறக்கம்" நல்லதா? கராஜ் பெரியவரின் பார்க்கரை ஒரு முறை மேசைமேல் கவிழ்த்து அளந்து சொல்ல முடியுமா ஐயா?